இணைக்குத் தெரியாத பெண்கள்

பதினாறு வயதுப் பெண்ணுக்கு மார்பில் இலைக்கட்டி வந்ததாக இணையிடம் ஒரு தகவலும் இல்லை. வந்த பெண்ணோ என் எதிரில் உட்கார்ந்து, நாற்காலிக் கைப்பிடியில் உரிந்திருந்த ரெக்சினை இன்னும் கொஞ்சம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நிறைமதி என்று பெயர். பதினொன்றாம் வகுப்பு. கோவில்பட்டியில் பாதிப் பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடுதான் பிறக்கிறார்கள், இவள் பள்ளி அணியின் கோல்கீப்பர். கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தது டாக்டரும் இல்லை, அம்மாவும் இல்லை, மார்புக் கவசம்தான். சீசன் தொடக்கத்தில் சரியாக இருந்த கவசம் இடது பக்கம் மட்டும் இறுக்கியிருக்கிறது. வாரைத் தளர்த்திக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டிவிட்டாள். என்னிடம் வந்தபோது கட்டி சாத்துக்குடி அளவு.

ஊசி போட்டுச் சதை எடுத்து இணைக்குக் கொடுத்திருந்தேன். முடிவு திரையில் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவளே, இணை என்றால் என்ன என்று கேட்டாள்.

"பொருத்தம் பாக்குற மெஷின்னு வச்சுக்கோயேன். உன் கட்டியில எடுத்த சதைய, இந்த மாநிலத்துல இதுவரைக்கும் எடுத்த அத்தனை பேர் சதையோடயும் ஒப்பிட்டுப் பாக்கும். யாரோடது நெருக்கமா இருக்கோ, அவங்களுக்கு எது செஞ்சு சுகமாச்சோ, அதையே உனக்கும் செய்யச் சொல்லும்."

"எனக்கு யாரு பொருந்துனாக?"

"உன் வயசுல யாருமில்ல. எல்லாம் நாப்பதுக்கு மேல."

அந்த நாற்பதுக்கு மேற்பட்டவர்களில் கட்டியை மட்டும் எடுத்த சிலருக்கு அது திரும்ப வந்திருக்கிறது. மார்பை முழுவதும் எடுத்தவர்களுக்கு வரவில்லை. அதனால் இணையின் தீர்ப்பு, நிறைமதியின் இடது மார்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்பது. அதைச் சொன்னேன். பிள்ளை ரெக்சின் உரிப்பதை நிறுத்திவிட்டது.

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் படித்த காலத்தில் இந்தக் கட்டியைப் பற்றி எங்களுக்குத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெட்டிப் பார்த்தால் இலை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும், அதனால் இலைக்கட்டி. நல்ல ரகம், கெட்ட ரகம், நடுவாந்திர ரகம் என்று மூன்று உண்டு. வளரும் பெண்களிடம் சாதுவான கட்டிகூட நுண்ணோக்கியில் முரட்டுத்தனமாகத் தெரியும், ஏனென்றால் அந்த வயதில் உடம்பில் எல்லாமே வேகமாகத்தான் வளரும். பயந்துபோய் மார்பை எடுத்துவிடாதீர்கள், கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் சதையோடு எடுத்துவிட்டுக் கண்காணியுங்கள் என்பார்கள். ஆனால் அதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு. அந்தக் கணக்கை நம்பி நம் பெண்களுக்கு அளவு தப்பிய மருந்தைக் கொடுத்துக் கெடுத்த காலம் ஒன்று உண்டு. அதற்கப்புறம், நம் ஜனங்களின் உடம்புக்கு நம் ஜனங்களின் கணக்குதான் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதற்குக் கை தூக்கியவள்தான்.

மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அம்மா தர்ஷினி அப்போது வாய் திறந்தாள். கடலைமிட்டாய்க் கம்பெனியில் மேற்பார்வை வேலை, புருஷன் வடக்கே லாரி ஓட்டுகிறான். ஊசி போட வந்த அன்றே அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தாள். கேட்காத அம்மா யார்? இன்றைக்குக் கல்யாணம் பேசும்போது ராசி நட்சத்திரத்துக்கு முன்னால் உடல்ஜாதகம் கேட்கிறார்கள். பிறந்ததிலிருந்து போட்ட ஊசி, எடுத்த ஸ்கேன் எல்லாம் அதில் வந்துவிடும். மார்பில் கட்டி என்று ஒரு வரி இருந்தால் மாப்பிள்ளை வீடு வாசல்படி ஏறாது. நான் அவளுக்கு அன்று ஒரு பிரசங்கமே செய்திருந்தேன். பொய்ப் பெயரில் எழுதினால் தப்பான வைத்தியம் நடக்கும், நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்று.

"நெசத்தச் சொன்னதுக்கு எம்மவளுக்குக் கெடச்சது இதுதானா டாக்டரம்மா?" என்றாள் இப்போது.

அவள் பெயரில் எழுதியிருந்தாலும் இணை இதையேதான் சொல்லியிருக்கும். ஆனால் அதைச் சொல்லி என்ன ஆறுதல் தர முடியும்?

இணையின் மாவட்ட ஒருங்கிணைப்பாளரைப் போனில் பிடித்தேன். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். இணையின் தீர்ப்பை மீற எனக்கு உரிமை உண்டு என்றான். ஒரே நிபந்தனை, அதே வயதில், அதே கட்டிக்கு, நான் சொல்லும் சிகிச்சையால் குணமான ஒருவரையாவது நம் கணக்கிலிருந்து காட்ட வேண்டும். ஒருவர் போதும் மேடம் என்றான். அந்த ஒருவர் இல்லையே என்றுதானே உன்னைக் கூப்பிட்டேன் என்று கத்திவிட்டு வைத்தேன். ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தது. கட்டியின் வேகத்துக்கு அதைத் தள்ளிப்போடவும் வழியில்லை.

வியாழக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் ஐம்பது வயது தாண்டிய பெண்களுக்கு மார்பு ஸ்கேன் முகாம். ஸ்கேன் எடுக்கும் ரெஜினா லேசில் யாரையும் கூப்பிட மாட்டாள். அன்று என் அறைக்கே வந்து, மெஷினுக்குக் கண் போய்விட்டதா தனக்குப் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்லும்படி கூட்டிக்கொண்டு போனாள்.

ஸ்கேன் அறையில் கார்த்திகா என்ற அம்மாள், வயது ஐம்பத்திரண்டு. பதிவின்படி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இடது மார்பில் கட்டி எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பதுதான் ரெஜினாவின் புகார். நானும் பார்த்தேன். வெளியே தழும்பு இல்லை. உள்ளே திரையிலும் ஒன்றுமில்லை, பிறந்தபோது ஆண்டவன் கொடுத்தது அப்படியே இருந்தது.

ரெஜினாவை வெளியே போகச் சொன்னேன். கார்த்திகா அவசர அவசரமாக ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டே, தழும்பு நாளாவட்டத்தில் மறைந்துவிட்டது என்றார்.

"தோல்ல மறையலாம்மா. உள்ள மறையாது. யாருக்குக் கட்டி எடுத்தீங்க?"

அந்த அம்மாளின் கை கொக்கியை விட்டுவிட்டது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவருடைய பழைய பதிவைத் திறந்தேன். இலைக்கட்டி, நடுவாந்திர ரகம். கட்டியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். திரும்ப வரவில்லை. நிறைமதிக்கு இணை காட்டிய வரிசையில் எல்லோருக்கும் மேலே, மிக நெருக்கமான பொருத்தம் என்று இருந்த எண் எதுவோ அதே எண். வயது என்ற இடத்தில் நாற்பத்து மூன்று. அதனால்தான் இணை அந்த எண்ணையும் கட்டி திரும்ப வந்த நாற்பதுக்காரர்களோடு சேர்த்தே எண்ணியிருந்தது.

"மகளுக்கா?" என்றேன்.

தலையை ஆட்டினார். பெரிய கதையில்லை. மகள் ஓவியாவுக்கு அப்போது பதினேழு. சாத்தூர்ப் பக்கம் ஒரு நர்சிங் ஹோம், அந்த டாக்டர் இப்போது உயிரோடு இல்லை. காலில் விழுந்து கேட்டதும் அம்மா பெயரில் எழுதி மகளுக்கு ஆபரேஷன் செய்துவிட்டார். இரக்கப்பட்டுத்தான் செய்திருக்கிறார். அவரைப்போல எத்தனை இரக்கசாலிகள் இந்த மாநிலத்தில் இருந்திருப்பார்கள்? இணையைப் பொறுத்தவரை நம் ஊரில் வயசுப் பெண்களுக்குக் கட்டியே வருவதில்லை. வந்ததெல்லாம் அம்மாக்களுக்கு. அபூர்வம், அபூர்வம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி இப்படி ஒளித்து வைத்ததுதான்.

கார்த்திகாவிடம் கெஞ்சினேன். மகள் வந்து ஒரு துளி ரத்தம் கொடுத்தால் போதும், பழைய சதையோடு ஒப்பிட்டு இணை தானே பதிவைத் திருத்திக்கொள்ளும், இன்னொரு பெண் தப்பித்துவிடுவாள் என்றேன். அவர் காது கொடுக்கவில்லை. மகளைச் சாத்தூரில் சேவுக்கடை வைத்திருக்கும் பெரிய குடும்பத்தில் கொடுத்திருக்கிறார். மாசமாக இருக்கிறாள். பதிவு மாறினால் அந்த வீட்டுக் குடும்ப அட்டையில் உடனே ஏறும், சம்பந்தி கௌசல்யாவின் போனில் மணி அடிக்கும். உடல்ஜாதகத்தில் மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அந்த அம்மாள் ஊரைக் கூட்டிவிடுவார். இப்போதுதான் அந்தப் பிள்ளை நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்கிறது, அதில் மண்ணைப் போடாதீர்கள் என்று அழுதார்.

எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஜன்னலைத் திறந்து காட்டினேன். வராந்தா பெஞ்சில் நிறைமதி உட்கார்ந்திருந்தாள், ஆபரேஷனுக்கு முந்திய ரத்தப் பரிசோதனைக்காக வந்திருந்தாள். ஒரு நோயாளியை இன்னொருவருக்குக் காட்டுவது தப்பு, தெரிந்துதான் செய்தேன். கார்த்திகா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, அந்தப் பெஞ்சைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதால் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

இன்னொரு வழி இருந்தது. சந்தேகப் பதிவு என்று திரையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இணை கார்த்திகாவின் பழைய ரத்தத்தையும் அந்தச் சதையையும் ஒப்பிட்டு, இது இந்த அம்மாளுடையது இல்லை, பெற்ற பிள்ளையுடையது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். யாரையும் கேட்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். நான் அழுத்தவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. ஒரு பெண்ணின் மார்பைக் காப்பாற்ற இன்னொருத்தியை, அதுவும் வயிற்றுப்பிள்ளைக்காரியை, அவளுக்குத் தெரியாமலே தெருவில் நிறுத்த வேண்டுமா என்று கை கூசியது. அதே சமயம், ஆபரேஷனுக்கு முந்தின நாள் அழுத்திவிடுவது என்றும் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். இரண்டும் உண்மை.

அதற்கு வேலை வரவில்லை. திங்கட்கிழமை காலை ஓ.பி.யில் ஒரு பெண் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்தாள். வயிறு ஏழு மாதம் இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் ஓவியா. கார்த்திகா மக. அம்மா ரெண்டு நாளா சாப்பிடல, என்னன்னு கேட்டேன், சொல்லிட்டாக."

கதவைச் சாத்திவிட்டுத் தழும்பைக் காட்டினாள். மார்பின் கீழ் மடிப்பில், பார்த்தால் தெரியாத இடத்தில், நேர்த்தியாகப் போட்டிருந்தார் அந்த டாக்டர். புருஷனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சின்ன வயதில் கொப்புளம் வந்தது என்று சொல்லி வைத்திருந்தாளாம். காலையில்தான் உண்மையைச் சொன்னாளாம். அவன் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். அது சம்மதமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். ரத்தம் கொடுத்தால் பதிவு அவள் பெயருக்கு வரும், மாமியார் போனுக்குப் போகும், அதை நிறுத்த என்னால் முடியாது, பிரசவம் முடிந்தபின் செய்யலாம் என்றால் அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை. எதையும் மறைக்கவில்லை. இப்போதே எழுந்து போனால்கூட யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக்கு எப்ப ஆபரேஷன்?"

"நாளான்னைக்கு."

"அப்ப எடுங்க," என்று கையை நீட்டினாள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அன்னைக்கு எங்கிட்ட யாரும் கேக்கல டாக்டர். அம்மா பேரச் சொன்னாக, நான் படுத்துக்கிட்டேன். அம்புட்டுதான்," என்றாள்.

இணை அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு திரையில் நிறைமதிக்கான தீர்ப்பு மாறியது. கட்டியைச் சுற்றுச்சதையோடு எடுக்கவும், மார்பை எடுக்க வேண்டாம், ஆதாரம் ஒருவர் என்று வந்தது. ஒருங்கிணைப்பாளர் பையன் தானே போன் செய்து வாழ்த்துச் சொன்னான். அவனிடம் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கட்டி முழுசாக வந்தது, ஓரத்தில் மிச்சமில்லை. மார்பு கொஞ்சம் சின்னதாகத் தெரியும், வளர வளரச் சரியாகிவிடும் என்று நிறைமதியிடம் சொன்னேன். கவசம் இனி இறுக்காதில்லையா என்று கேட்டாள். தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாயி யாரு டாக்டரம்மா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் சொல்லவில்லை. ஒருமுறை விதியை மீறியது போதும்.

சாத்தூரில் போன் மணி அடித்தது. கௌசல்யா ஊரைக் கூட்டவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஒன்பதாம் மாதம் வைத்திருந்த வளைகாப்பை மட்டும், தேதி சரியில்லை என்று நிறுத்திவிட்டார். வேறு தேதி பார்க்கவுமில்லை. ஓவியா வெறுங்கையோடு அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. புருஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போனான், மாமியார் எட்டிப் பார்க்கவில்லை. கார்த்திகா ஒருநாள் ஓ.பி.யில் எல்லோர் முன்னாலும், யாரோ பெற்ற பிள்ளைக்கு நல்லது செய்ய என் பிள்ளையை ஏன் பலி கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். நிறைமதி மறுபடி கோலில் நின்று ஆடுகிறாள் என்ற செய்தி வந்த நாளில்கூட, அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது கௌசல்யா என் அறைக்கு வந்தார். பெயரைப் பார்த்ததும் எனக்குச் சுரீர் என்றது. இவ்வளவு நாள் அடக்கி வைத்ததை இன்று கொட்ட வந்திருக்கிறார், கொட்டட்டும், நானும் நாலு கேட்கலாம் என்று தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். பட்டுப்புடவை, கையில் தடித்த வளையல்கள், நெற்றி முழுக்க வியர்வை. சண்டை போடும் முகமாக இல்லை. தன் இடது மார்பில் கட்டி இருக்கிறது என்றார்.

படுக்க வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ரெஜினாவிடம் அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், அதிலும் ஒன்றுமில்லை. கட்டியே இல்லை, நிம்மதியாகப் போங்கள் என்றேன். அவர் போகவில்லை.

"நல்லாப் பாருங்க டாக்டர். நெல்லிக்கா அளவுதான் இருந்துச்சு, ரெண்டு மாசத்துல எலுமிச்சம்பழமாயிருச்சு," என்றார்.

இல்லாத கட்டியின் அளவை இவ்வளவு சரியாக யாரும் சொல்ல மாட்டார்கள். நான் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். வாசலில் ஒரு கார் நின்றது. பின் சீட்டில் பள்ளிச் சீருடையில் யாரோ ஒரு பெண், போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தாள். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஜன்னலை விட்டுத் திரும்பாமலே, "அந்த மெஷினுல எங்க ஓவியா இருக்காளா?" என்று கேட்டார்.

"இருக்கா."

"அவளோடத வச்சுத்தான் பாப்பீகளா?"

"அவளோடதையும், இன்னொரு பொண்ணோடதையும் வச்சு. ஆனா உங்க பேர்ல எழுதுனா உங்க வயசுக்காரங்களோடதான் பொருத்தும்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் தலைப்பை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. புதிய பதிவுக்கான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன்.

"இளநிலா," என்றார். "எம்மக. பதினஞ்சு நடக்கு."

எழுதிக்கொண்டு, போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.